மூன்றாவது தட்டு

ராஸ்கோ டார்ப்ளியின் மானத்துக்கு நாற்பது டாலர் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

பழைய சாமான் சந்தையின் மேசை ஒன்றில், ஒரு பக்கம் வாஃபிள் சுடும் இரும்புக்கல், இன்னொரு பக்கம் கைப்பிடி உடைந்த காப்பிக் கெண்டி. இரண்டுக்கும் நடுவில் பச்சை அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அட்டையில் 'கேரி ஸ்டோக்கர்ஸ், 1972–73' என்று எழுதியிருந்தது. கேரி ஊர்க் கூடைப்பந்து அணியின் ஸ்கோர் புத்தகம். அந்தக் கையெழுத்து சைலஸ் கெய்தர்ஸுடையது.

சைலஸுக்கு எழுபத்தோரு வயது, சபையில் மூப்பர். கேரியின் பிராட்வே தெருவில் முப்பத்தெட்டு வருஷம் பழைய மேசை நாற்காலி விற்றவர். வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது, வேண்டாத பொருளைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் பால்குடி மறக்கும் முன்பே படிக்கிற பாடம். அவர் ஒரு மேசை விளக்கை எடுத்தார்.

"இது எவ்வளவும்மா?"

கடைக்காரி எர்லீன் முழங்கால் மேல் வைத்திருந்த கெளுத்தி மீன் வறுவலை மூடினாள். "பதினஞ்சு."

"எரியுமா?"

"கரண்ட் குடுத்தா எரியும் பெரியவரே. இந்தப் பொட்டல்ல நான் எங்க போய் சொருகிக் காட்ட?"

"பத்து குடுக்கறேன். அந்தப் பழைய நோட்டையும் சும்மா போடு. அடுப்பு பத்தவைக்க ஆகும்."

"அது நாப்பது."

"நாப்பதா! எழுதி முடிச்ச நோட்டும்மா. எழுதாத நோட்டே ஒண்ணரை டாலருக்குக் கிடைக்குது."

"அப்ப எழுதாத நோட்டையே வாங்கிக்கலாமே?" என்றாள் எர்லீன். "விளக்க ஒரு கையாலதான் தூக்குனீங்க. நோட்ட ரெண்டு கண்ணாலயும் தூக்கிட்டீங்களே. அந்த டீமோட முதலாளி கெஸிங்கர் வீட்டுச் சாமான் மொத்தமும் நான் எடுத்தது. போன குளிர்காலம் மனுசன் போய்ச் சேந்தாரு. இந்த நோட்டு அவரோட இரும்புப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அடுப்பு பத்தவைக்கற காகிதத்த யாராச்சும் இரும்புப் பெட்டில வைப்பாங்களா?"

கடைசியில் விளக்கோடு சேர்த்து நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. அவர் வாழ்க்கையிலேயே மோசமான பேரம் அதுதான். எர்லீனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. காப்பிக் கெண்டியையும் பையில் போட்டு அனுப்பினாள்.

காருக்குள் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. புத்தகத்தைத் திறந்ததும் பென்சில் வாசனை வந்தது. முப்பத்தோரு வருஷம் கழித்தும் வருமா என்று கேட்டால், அவருக்கு வந்தது.

கூடவே மற்றதெல்லாம் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கட்டிய டையை அவிழ்க்காமலே அரங்கத்துக்கு ஓடி வரும் கூட்டம். கார்களின் மேல் ஊர் எஃகு ஆலையின் சாம்பல் சிவப்பாகப் படிந்திருக்கும். பிள்ளைகள் அதில் விரலால் '14' என்று எழுதுவார்கள். அது ராஸ்கோவின் எண். உள்ளே சோளப்பொரி, ஈரக் கம்பளிக் கோட்டு, கடுகு தடவிய ஹாட் டாக் எல்லாம் கலந்த ஒரு வாசனை. கீழ் வரிசைகளில் ஆலை அதிகாரிகள் குடும்பத்தோடு. மேலே, கூரைக்குப் பக்கத்தில், ஷிப்ட் முடித்து முகத்தைப் பாதி மட்டும் கழுவிய கறுப்பு மனிதர்கள். ஆட்டத்தளத்தின் ஓரத்து மேசையில், அந்த லீக்கிலேயே ஸ்கோர் எழுதும் ஒரே கறுப்பன், சைலஸ். ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து டாலர். மனைவி தைத்துக் கொடுத்த திண்டு போட்டு அந்த நாற்காலியில் அவர் உட்காரும்போது பிராட்வே முழுவதும் தன் பின்னால் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. எழுந்திருக்கவே மனசு வராது.

ராஸ்கோ ஊர்ப் பிள்ளை. அப்பா ஆலையின் கரிச்சூளையில் வேலை பார்த்தவர். சூளையின் கூரை மேல் நின்று கொதிக்கிற மூடியைத் திறந்து கரி கொட்டுகிற வேலை. அந்த வேலை கறுப்பர்களுக்கு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பையன் ஆறடி இரண்டங்குலம். கல்லூரி முடித்து மூன்று வருஷம் ஓஹியோவில் ஆடிவிட்டு, நல்ல சம்பளத்துக்குச் சொந்த ஊர் அணிக்கே வந்து சேர்ந்தான். ஓடுவதில் அவனைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். எம்பிக் குதிப்பதிலும் இருந்தார்கள். ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் அவனைப்போல் நின்றவன் யாருமில்லை. எதிராளி தவறு செய்தால் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் அந்த ஓர் எறிதலுக்கு அவனுக்கென்று ஒரு சடங்கு உண்டு. வலது உள்ளங்கையைக் காலுறையில் துடைப்பான். பந்தை மூன்று முறை தரையில் தட்டுவான். டப், டப், டப். அப்புறம் எறிவான். மேல் வரிசைக்காரர்கள் அந்த மூன்று தட்டுக்கும் சேர்ந்து காலால் தட்டுவார்கள். கூரை அதிரும்.

புத்தகத்தில் இதற்குக் குறி எளிமையானது. ஒருவன் கோட்டுக்கு வந்தால் அவன் பெயருக்கு நேரே ஒரு சின்ன வட்டம். பந்து கூடையில் விழுந்தால் வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். விழாவிட்டால் வட்டம் வெறுமையாக நிற்கும். அவ்வளவுதான் வேலை.

அந்த எளிமையான வேலையில்தான் சைலஸ் ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்குப் பந்து விழுகிறவரை காத்திருப்பார். ராஸ்கோவுக்கு மட்டும் மூன்றாவது தட்டிலேயே நிரப்பிவிடுவார். அவன் கை பந்தைத் தட்ட, இவர் கை பென்சிலை ஓட்ட, இரண்டும் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒரு சுகம். சரக்கு வந்து இறங்கும் முன்னே ரசீது கிழிக்கிற காரியம். தெரிந்தால் அன்றைக்கே நாற்காலி போய்விடும். தெரியாது, ஏனென்றால் சரக்கு எப்போதும் வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் இரண்டே இரண்டு முறை தவறினான். சைலஸ் ரப்பரால் அழித்துவிட்டு, வட்டத்தை மீண்டும் வரைந்துகொண்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. டொலீடோ அணியோடு ஆட்டம். முதல் கால்பகுதி, கூட்டத்தில் பாதி இன்னும் ஹாட் டாக் வரிசையில் நின்றது. ராஸ்கோ கோட்டுக்கு வந்தான். கையைத் துடைத்தான். டப், டப், டப். சைலஸ் நிரப்பிவிட்டார்.

அவன் எறியவில்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். பத்து நொடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. பத்து நொடியும் நின்றான். நடுவர் ஊதினார். தவறிய எறிதல் என்று கணக்கு.

"என்னடா டார்ப்ளி, நின்னுக்கிட்டே தூங்கறியா?" என்று டொலீடோக்காரன் ஒருவன் சிரித்தான். சைலஸ் அவசரமாக அழித்தார்.

அடுத்தடுத்து இரண்டு முறை அதுவே நடந்தபிறகு பத்திரிகைக்காரன் ஒருவன் கேட்டான். ராஸ்கோ சொன்னான்: "சூளையில ஆள் செத்தா ஆலை ஒரு நொடிகூட நிக்கறதில்ல. அடுத்த ஷிப்ட் அவன் நின்ன எடத்துலயே நிக்குது. நான் ஆளுக்குப் பத்து நொடி குடுக்கறேன். முதல் ஆள் எஃப்ரெம் ஸ்டாலிங்ஸ். எங்கப்பாவோட ஒரே ஷிப்ட்."

அதற்கப்புறம் அரங்கம் மாறிப்போயிற்று. சாவு நடந்த வாரத்தில், முதல் கால்பகுதியில், அவனுடைய முதல் ஃப்ரீ த்ரோ. மூன்று தட்டு. அப்புறம் மேல் வரிசை மொத்தமும் எழுந்து தொப்பியைக் கழற்றும். பொரிக்காரர் இயந்திரத்தை நிறுத்துவார். கீழே சிலர் ஊளையிடுவார்கள். போகப் போக அதுவும் குறைந்தது. பிப்ரவரியில் அதே டொலீடோ அணி திரும்ப வந்தபோது, அன்று சிரித்தவனே தலையைக் குனிந்து நின்றான். மார்ச் முடிவதற்குள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு வெற்று வட்டங்கள். சைலஸ் முதல் நாளோடு அந்தத் திருட்டு வேலையை விட்டுவிட்டார். அதற்கப்புறம் அவனுக்கும் பந்து விழுந்த பிறகுதான் நிரப்பினார்.

அணியின் முதலாளி கெஸிங்கர் ஆலைக்குக் கையுறை விற்கிறவர். பத்து நொடி மௌனத்தில் எத்தனை ஜோடி கையுறை விலை போகாமல் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஏப்ரலில் லீக்கிடம் புகார் கொடுத்தார்: டார்ப்ளி பந்தயக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தவறவிடுகிறான், செத்தவர்கள் பெயர் வெறும் முகமூடி.

சிகாகோவில் ஓர் ஓட்டல் அறையில் விசாரணை. ராஸ்கோவின் பதில் ஒன்றே: "புத்தகத்தப் பாருங்க. பன்னெண்டு சாவு, பன்னெண்டு வட்டம், தேதிக்குத் தேதி. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

கெஸிங்கரின் வக்கீல் அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே நின்றார்.

"இந்த வட்டம் அழிச்சு எழுதியிருக்கு. அடியில நிரப்பின கறை தெரியுது. அப்போ ஸ்டாலிங்ஸ் செத்த வாரம் இவன் எறிஞ்சு பந்து விழுந்திருக்கு. கதைய அப்புறமா ஜோடிச்சு, கதைக்குத் தகுந்த மாதிரி புத்தகத்தத் திருத்தியிருக்காங்க. யார் அழிச்சது?"

"நான்தான்," என்றார் சைலஸ்.

"ஏன்?"

அக்டோபர் பக்கத்தைத் திருப்புங்கள் என்று சொன்னால் போதும். அங்கேயும் இரண்டு அழிப்பு இருந்தது. செத்தவர் யாரும் இல்லாத வாரங்களில். அவன் எறியும் முன்பே நான் நிரப்பிவிடுவேன் என்று ஒரே ஒரு வாக்கியம். ராஸ்கோ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைலஸ் தன் திண்டைப் பற்றி நினைத்தார்.

"பென்சில் வழுக்கிருச்சுங்க," என்றார்.

ராஸ்கோவை வாழ்நாள் முழுவதும் விலக்கினார்கள். இருபத்தேழு வயது. சைலஸ் இன்னும் மூன்று வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், லீக்கே இழுத்து மூடப்படும் வரை. கடைசிச் சம்பளத்தைப் போட்டு ராஸ்கோ, விலக்கப்பட்ட வருஷமே, ஊருக்குள் காசு போட்டுத் துவைக்கிற லாண்டரி ஒன்றைத் திறந்தான். அன்றிலிருந்து சைலஸ் அழுக்குத் துணியைப் பக்கத்து ஊர் ஹேமண்டுக்குக் கொண்டுபோகிறார். பனி கொட்டினாலும் ஹேமண்ட்தான்.

போன வாரம் பழைய உயர்நிலைப்பள்ளிச் சுவரில் ஊரின் ஆட்டக்காரர்கள் பெயரை எழுதுவதற்கான கமிட்டி கூடியது. சைலஸும் அதில் உறுப்பினர். ராஸ்கோவின் பெயர் வந்ததும் செயலாளர் மிஸ் கிளாடின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "கேள்வி தொங்கற பேர சுவத்துல எழுத முடியாது. எழுத்துல ஏதாச்சும் இருந்தா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முன்னாடி யாராச்சும் கொண்டு வாங்க." சைலஸ் கேக் தின்றுகொண்டிருந்தார். இரண்டாவது துண்டும் எடுத்துக்கொண்டார்.

இன்று சனிக்கிழமை.

வீட்டுக்குப் போய்த் துணிப்பையை எடுத்தார். வெறுங்கையோடு லாண்டரிக்குள் போனால் என்ன காரணம் சொல்வது? அழுக்குச் சட்டை மூன்றுதான் இருந்தது. பை தொளதொளவென்றிருந்ததால் அலமாரியிலிருந்து நாலு படுக்கை விரிப்பையும் திணித்தார். அடியில் புத்தகம்.

லாண்டரி வாசலில் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் மிஸ் கிளாடின் துவைக்க வருவது ஊருக்கே தெரியும். இருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கும் முன்பே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மூப்பரே! ஹேமண்ட்ல தண்ணி வத்திப்போச்சா?"

ராஸ்கோவுக்கு ஐம்பத்தெட்டு. உடம்பு பெருத்திருந்தது. கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, கையில் திருப்புளி. ஏழாம் எண் இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

"துணி துவைக்க வந்தேன்," என்றார் சைலஸ்.

மிஸ் கிளாடின் பைக்குள் ஒரு பார்வை பார்த்தாள். "இஸ்திரி மடிப்புகூடக் கலையலையே மூப்பரே. துவைச்சத எதுக்குத் துவைக்கிறீங்க?"

சைலஸ் பையைத் தரையில் இறக்கினார். விரிப்புகளை எடுத்து வெளியே வைத்தார். புத்தகத்தை எடுத்துத் துணி மடிக்கிற மேசைமேல் வைத்தார்.

ராஸ்கோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வலது உள்ளங்கையைக் காற்சட்டையில், இரண்டு முறை. பக்கங்களைப் புரட்டினான். ஓரிடத்தில் நிறுத்தி, "எஃப்ரெம்," என்றான், பார்த்து ரொம்ப நாளானவரை வாசலில் கண்டதுபோல்.

அப்புறம் நிமிர்ந்தான். "எவ்வளவு குடுத்தான்?"

"யாரு?"

"கெஸிங்கர். முப்பத்தோரு வருசமா யோசிச்சிருக்கேன். சாதாரணமா ஐந்நூறுன்னு வச்சிருப்பேன். மனசு நல்லா இருக்கற நாள்ல ஆயிரம்னு ஏத்திப்பேன். நமக்கும் ஒரு மதிப்பு வேணுமில்ல? சொல்லு, எவ்வளவு?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஒண்ணுமே?"

"ஆட்டத்துக்குப் பதினஞ்சு. அது எப்பவும் குடுக்கறது."

ராஸ்கோ சிரிக்க ஆரம்பித்தான். பெரிய சிரிப்பு; கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா மிஸ் கிளாடின்! இந்த மனுசன் பிராட்வேல காலொடிஞ்ச ஸ்டூலக்கூட யாருக்கும் சும்மா குடுத்ததில்ல. என்னைச் சும்மா குடுத்துட்டானாம்!" சிரிப்பு நின்றபோது முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. "அப்ப ஏன்யா?"

"மூணாவது தட்டு," என்றார் சைலஸ். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு. ட்ரையர் ஓடுது."

சத்தமாகச் சொன்னார். மூன்றாவது தட்டிலேயே நிரப்பியதை, அக்டோபரில் இரண்டு முறை அழித்ததை, எஃப்ரெமுக்காக நின்ற அன்று அவசரத்தில் அழித்ததை, பென்சில் வழுக்கியது என்று சொன்ன பொய்யை. நாற்காலி போய்விடும் என்று பயந்ததைக்கூடச் சொன்னார். திண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒரு மனிதன் தனக்கென்று எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். சுவரோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் துணியை மடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லாருக்கும் அப்படித்தானா?" என்று ராஸ்கோ கேட்டான்.

"உனக்கு மட்டும்தான். நீ தவறவிடுவேன்னு எனக்குத் தோணவே தோணல."

ராஸ்கோ புத்தகத்தை மிஸ் கிளாடின் பக்கம் தள்ளினான்.

மிஸ் கிளாடின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்டோபர் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. அப்புறம் நவம்பர்ப் பக்கம். மூன்று கறையும் ஒரே சாயல். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "இப்ப சொன்னத கடைசிப் பக்கத்துல எழுதுங்க. மையில. உங்க பென்சில் சவகாசமே வேணாம்."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு பெண்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி தேதியும் இயந்திர எண்ணும் சேர்த்துப் போட்டாள். அதன் பிறகும் பேனா சைலஸின் கையிலேயே இருந்தது. எஃப்ரெமின் வட்டத்துக்குப் பக்கத்தில் போயிற்று.

"இந்தப் பன்னெண்டையும் நிரப்பிடட்டுமா ராஸ்கோ? எறிஞ்சிருந்தா விழுந்திருக்கும். விழுந்ததாவே இருக்கட்டும்."

ராஸ்கோ அவர் மணிக்கட்டைப் பிடித்தான். வலிக்கிற பிடி. "தொடாத. அது என்னோடது இல்ல." கையை விட்டான். "நானாத் தவறவிட்டது பதினஞ்சு இருக்கு. மனசு தாங்கலன்னா அதுல ரெண்ட நிரப்பு."

"சுவத்துல கணக்கு போடணும்," என்றாள் மிஸ் கிளாடின். "எத்தனை போடட்டும்?"

"இருநூத்தி அறுபதுக்கு இருநூத்தி முப்பத்தி மூணு," என்றான் ராஸ்கோ. புத்தகத்தைப் பார்க்கவில்லை. "ஏத்தாதீங்க. பாவம்னு ஒரு வட்டத்த நிரப்புனாலும் பேரே வேணாம்."

அவள் குறித்துக்கொண்டாள். புத்தகத்தைத் தன் விரிப்புகளுக்கு நடுவே வைத்து மடித்து, நாளைக் காலைக்கென்று எடுத்துக்கொண்டாள்.

சைலஸ் நின்றுகொண்டே இருந்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லல," என்றான் ராஸ்கோ.

"நானும் கேக்கல."

"கேக்காத. ஹேமண்ட்ல வாரத்துக்கு எத்தனை தடவை துவைப்ப?"

"ஒரு தடவை."

ராஸ்கோ காலி சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான். காதிடுக்கிலிருந்த பென்சிலால் அதன் முதுகில் பெருக்கினான். முப்பத்தொன்றை ஐம்பத்திரண்டால். "எனக்கு வரவேண்டியது ஆயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு. எல்லாம் ஹேமண்டுக்குப் போயிருக்கு. இன்னிக்கு ரெண்டு தடவைக்குத் துணி இருக்கா?"

"ஒண்ணு," என்றாள் மிஸ் கிளாடின். "மீதி துவைச்சது."

"நூத்தி ரெண்டு வயசாயிடும் எனக்கு," என்றார் சைலஸ், மனக்கணக்காக.

"அது உன் பாடு. ஏழாம் நம்பர்ல போடு. இப்பதான் சரி பண்ணேன்."

சைலஸ் மூன்று சட்டையையும் போட்டுக் காசைத் தள்ளினார். இயந்திரம் உறுமி, தண்ணீர் பிடித்து, சுற்ற ஆரம்பித்தது. ராஸ்கோ பெட்டியில் ஒரு சின்ன வட்டம் வரைந்து, பென்சிலை அதன்மேல் நிறுத்தி வைத்துக்கொண்டான். இருவரும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள். டொலீடோக்காரன் பெயர் என்ன என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. இயந்திரம் சுற்றி, தளர்ந்து, ஒருமுறை குலுங்கி, முழுவதும் நின்றது.

அப்போதுதான் ராஸ்கோ வட்டத்தை நிரப்பினான். அதற்குக் கீழே எழுதினான்:

வரவேண்டியது 1,612.
வந்தது 1.
பாக்கி 1,611.